காப்புக் கட்டிய ஊருக்குக் கம்பெனி பஸ்

பேராசிரியர் பீமராவ் வலது கையை நீட்டியது சுண்டல் வாங்குவதற்காகத்தான்.

ஊரே வரிசையில் நின்றது. வரிசையின் முனையில் பூசாரி எதையோ கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசை என்று ஒன்று இருந்தால் அதன் முடிவில் தின்பதற்கு ஏதாவது இருக்கும் என்பது அவர் வாழ்க்கையில் கண்டறிந்த பொருளாதார விதி. அவர் கண்டறிந்த விதிகளில் அதுவரை பொய்க்காமல் இருந்ததும் அது ஒன்றுதான். அன்று அதுவும் பொய்த்தது. பூசாரி அவர் மணிக்கட்டைப் பிடித்து, மஞ்சளில் தோய்த்த கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு, நெற்றியில் திருநீற்றை அப்பிவிட்டு, "நகருங்க, அடுத்த ஆள்" என்றார்.

ஊரின் பெயர் கரைமேட்டூர். கொள்ளிடத்தின் வடகரை. மேட்டில் ஏறி நின்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும். அந்த ஊர் மாரியம்மனுக்குத் திருவிழாக் காப்புக் கட்டிவிட்டார்கள் என்றால், தேர் போய்த் திரும்பி நிலைக்கு வரும்வரை, ஏறக்குறைய நாற்பது நாள், ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டிய நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருந்த எவரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் டெல்லிக்குக்கூடப் போகலாம், ராத்திரி தலை ஊருக்குள் சாய வேண்டும். கயிறு கட்டிக்கொண்டவர், கட்டிக்கொள்ளாதவர், கைக்குழந்தை, கடன் வசூலுக்கு வந்தவர் எல்லோருக்கும் ஒரே சட்டம்.

கையில் கயிறு விழுந்ததைக்கூட பீமராவ் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது வேறு. அந்த வரிசையே அவர் செய்த வேலை.

அவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறார். கே.கே. நகரில் வீடு. மாவட்ட வளர்ச்சிக் குழு ஒன்றுக்குக் கௌரவ ஆலோசகர். கௌரவம் என்றால் பெட்ரோல் சொந்தச் செலவு என்று அர்த்தம். இருபத்தைந்து வருடமாக அவர் ஒரே விஷயத்தைத்தான் எழுதிவருகிறார்: நாட்டில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் வயலில் குனிந்து நிற்கிறார்கள், நாட்டு வருமானத்தில் அவர்கள் பங்கு இருபதைத் தொடவில்லை, ஆகவே ஆட்களை வயலிலிருந்து ஆலைக்கு நகர்த்தினால்தான் தேசம் உருப்படும். இதைப் பல மாநாடுகளில் பல நிறச் சட்டைகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு ஆளைக்கூட ஓர் அங்குலம் நகர்த்தியதில்லை. வீட்டில் சோபாவை நகர்த்த வேண்டுமென்றாலும் மனைவி பானுமதி வெளியிலிருந்துதான் ஆள் கூப்பிடுவாள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு காலணிக் கம்பெனி கிடைத்தது. சமயபுரத்துக்குக் கொஞ்சம் அப்பால், சென்னை ரோட்டை ஒட்டி ஃபேக்டரி போடுவதாகச் சொன்னார்கள். முதல் கூட்டமாக நாற்பது பெண்கள் ஓசூர்ப் பக்கம் உள்ள அவர்கள் ஃபேக்டரிக்குப் போய், ஹாஸ்டலில் தங்கி மூன்று மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். ஊரில் பெயர்ப் பட்டியல் முன்பே எழுதியாயிற்று; புதன்கிழமை காலை ஊருக்கே பஸ் வரும். இருபத்தைந்து பேருக்குக் குறைந்தால் பஸ் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். பஸ் போன வழியில் பின்னாலேயே ஃபேக்டரியும் போய்விடும்.

கரைமேட்டூரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. எல்லாரும் பங்காளிகள், ஆகவே பேச்சுவார்த்தை கிடையாது. தேர் எந்தத் தெருவில் முதலில் திரும்ப வேண்டும் என்பதில் தகராறு வந்து ஆறேழு வருடமாகத் திருவிழாவே நடக்கவில்லை. தேர் தகரக் கொட்டகையில் நின்றது, அதில் கோழிகள் குடியிருந்தன. இந்த நிலையில்தான் பீமராவ் வந்து, "வளர்ச்சின்னா எல்லாரையும் உள்ளடக்கணும். ரெண்டு தெருவும் வந்தாத்தான் கூட்டம்" என்று ஒற்றைக் காலில் நின்றார். பொதுவான இடம் கோவில் வாசல்தான் என்று கண்டுபிடித்தார். தமுக்கு அடிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு தெருவும் வந்து நின்றது. நடுவில் ஒரு மாடு போகிற அளவு இடைவெளி விட்டு நின்றது.

அவர் திரையில் 'கட்டமைப்பு மாற்றம்: ஓர் எளிய அறிமுகம்' என்ற ஸ்லைடுக்கு வந்தபோது பின்னாலிருந்து சலசலப்பு எழுந்தது. ரெண்டு தெருவும் அம்மன் முன்னால் ஒன்றாக நிற்கிறதே, இதைவிட நல்ல சகுனம் உண்டா, இன்றைக்கே காப்புக் கட்டிவிட்டால் என்ன என்று யாரோ ஆரம்பித்தார்கள். பூசாரி உள்ளே போனார். மேளம் முழங்கியது. அது தன் ஸ்லைடுக்கு என்று நினைத்து பீமராவ் ஒரு நொடி தலைவணங்கிவிட்டார்.

கயிறு கட்டிய கையோடு அவர் ஊர்ப் பெரியவர் வீரமலையைப் பிடித்தார். வீரமலை மேலத்தெரு. ஆள் வாட்டசாட்டம், பேச்சு வெண்ணெய்.

"என்னங்க இது? அப்ப புதன்கிழமை பஸ்?"

"பாத்துக்கலாம் சார்."

"பொண்ணுங்க மூணு மாசம் வெளியூர்ல தங்கணுமே!"

"தங்கலாம் சார். தங்கறதுக்கு என்ன."

"காப்புக் கட்டியிருக்கீங்களே?"

"ஆமா சார், கட்டியிருக்கு."

"அப்ப போகலாமா, கூடாதா?"

வீரமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்க. போனா நல்லதுதான். போகாட்டியும் ஒண்ணும் கெட்டுப் போயிடல. சூழ்நிலைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பீமராவுக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. வட்டி விகிதம் ஏறுமா இறங்குமா என்று கேட்டால் பெரிய பெரிய பொருளாதார நிபுணர்கள் இப்படித்தான் பேசுவார்கள். அவர்களுக்கு அது கைவர முப்பது வருடம் ஆகிறது.

"சரி, என்னை விடுங்க. நான் வீட்டுக்குப் போகலாமில்ல?"

"தாராளமாப் போகலாம் சார். உங்களை யாரு தடுக்கப் போறா? முன்ன ஒரு தடவை மின்வாரியத்துக்காரர் ஒருத்தர் இப்படித்தான் காப்புக் கட்டின அன்னைக்கு ராத்திரியே போயிட்டாரு."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகலீங்க. நல்லாத்தான் இருக்காரு. கீழத்தெருவுல ரெண்டு மாடு செத்துப் போச்சு."

பீமராவுக்குப் புரிந்தது. அவர் போன பிறகு ஊரில் ஒரு கோழிக்குச் சளி பிடித்தாலும் பழி காலணி ஃபேக்டரி மேல் விழும். பானுமதிக்குப் போன் செய்தார். அவள் விஷயத்தை முழுசாகக் கேட்டாள். பிறகு, "கிராமத்திலேர்ந்து ஆளுங்களை வெளியே கொண்டு வரேன்னு தானே போனீங்க?" என்றாள்.

"ஆமா."

"இப்ப நீங்க உள்ளே."

"தேர் நிலைக்கு வர வரைக்கும்தான்."

"சரி, கேஸ் சிலிண்டர்காரன் வந்தா நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

வீரமலை வீட்டு மாடியில், உர மூட்டைகளுக்கு நடுவே அவருக்குக் கட்டில் போட்டார்கள். காலையில் பக்கத்து வீட்டிலிருந்து கம்பங்கூழ் வந்தது. கொண்டுவந்தது காளியாயி, வீரமலையின் தங்கை. ஊரில் அம்மன் இறங்குவது அவள் மேல்தான், அதனால் அவள் பேச்சுக்கு இரண்டு தெருவிலும் மரியாதை. அவள் புருஷன் தங்கையன் வாழைத்தார் வெட்டுகிறவர். அவருக்கு மச்சான் சொல்தான் வேதம்.

பீமராவ் கூழ்ச் சொம்பை வாங்கிக்கொண்டு, "அம்மா, பஸ் விஷயமா நீங்க கொஞ்சம் எடுத்துச் சொன்னா..." என்று இழுத்தார்.

"காப்புக் கட்டின ஊர்ல பஸ்ஸு என்ன பஸ்ஸு?" என்று காளியாயி போட்ட சத்தத்தில் கீழே கட்டியிருந்த மாடு எழுந்து நின்றது. "அம்மா உத்தரவு இல்லாம ஒரு குருவி வெளியே தங்குமா? கூழைக் குடிங்க சார், ஆறிடும்."

கம்பங்கூழ் ஆறித்தான் இருந்தது. அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

இவ்வாறாக, இந்தியாவின் கட்டமைப்பு மாற்றத்தைப் பற்றி எழுதிய மனிதர் கிராமத்தில் தூங்கி, நகரத்துக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் டவுன் பஸ்ஸில் கிராமத்துக்கே திரும்பத் தொடங்கினார். இதற்கு அவருடைய புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதை எழுதும்போது சத்திரம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அப்படி இடம் பிடிக்கத் தெரியாமல் அவர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது, "சார், இங்க உக்காருங்க" என்று ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். "நான் காளியாயி பொண்ணு. தேவதர்ஷினி. பி.காம். முடிச்சிருக்கேன்."

"பயிற்சிக்குப் பேர் குடுத்திருக்கியாம்மா?"

"முதல் பேரே என்னுதுதான் சார்."

"ரொம்ப ஆசையா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று ஊர்ந்துகொண்டிருந்தது. "வீரமலை மாமா பையன் பாலுவுக்கு என்னைப் பேசியிருக்காங்க சார். தேர் நிலைக்கு வந்ததும் தட்டு மாத்தணுமாம். பாலு நல்லவன்தான். ஜே.சி.பி. ஓட்டறான். சின்ன வயசுல என் பென்சிலைத் திருடுவான், இப்பவும் திருப்பித் தரல. அவனை எனக்குப் பிடிக்காதுன்னு இல்ல. ஆனா என்னை யாரும் கேக்கலையே."

"அப்பா என்ன சொல்றார்?"

"மாமாவைக் கேளும்பாரு. மாமாவைக் கேட்டா பாத்துக்கலாம்பாரு." சட்டென்று திரும்பினாள். "சார், நான் ஒண்ணு கேக்கறேன். இந்தக் கம்பெனி இங்க எத்தனை வருஷம் இருக்கும்? நான் மாமாகிட்ட சண்டை போட்டுட்டுப் போயி, ரெண்டு வருஷத்துல அவங்க ஷட்டரை இறக்கிட்டா?"

நல்ல கேள்வி. பீமராவ் கண்ணாடியைத் துடைத்தார். "அதாவதும்மா, உலகச் சந்தையில காலணிக்கான தேவை, நம்ம ஊர்க் கூலி, அரசாங்கச் சலுகை எத்தனை வருஷம் நீடிக்கும்கிறது, இதையெல்லாம் பொறுத்து..."

"எங்க மாமாவும் இப்படித்தான் சார் பேசுவாரு" என்றாள் தேவதர்ஷினி. மரியாதையாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் உட்கார்ந்த இடம் சுட்டது.

"காப்புக் கட்டியிருக்கே, அதுக்கு என்னம்மா பண்ணப் போற?"

"பாக்கலாம் சார்" என்றாள் அவளும்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்காரப் பெண் யாழினி ஸ்ரீரங்கம் வந்திருந்தாள். ஆள் எடுக்கும் பிரிவின் மேலாளர். மறுநாள் பஸ்ஸோடு வர வேண்டியவள், ஒருநாள் முன்னதாகப் பெற்றோரை அழைத்துக்கொண்டு பெருமாளைச் சேவிக்க வந்துவிட்டாள். தெற்கு வாசல் பக்கம் ஒரு காபிக் கடையில் பீமராவ் அவளைச் சந்தித்தார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், காதில் போன் கருவி, கையில் துளசி.

பீமராவ் ஒரு யோசனையோடு வந்திருந்தார். மக்கள் இரவில்தானே வெளியே தங்கக் கூடாது? பயிற்சியாளர்களை இங்கே வரவழைத்துவிட்டால்? டோல்கேட் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் எடுத்து, பகலில் பயிற்சி கொடுத்து, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?

"அருமையான யோசனை சார்" என்றாள் யாழினி. "மேலே பேசிட்டு சொல்றேன்."

"நடக்குமா?"

"நிச்சயமாப் பரிசீலிப்போம் சார்."

"பரிசீலிச்சா நடக்குமா?"

"உங்க ஆர்வம் எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார்." காபியை ஆற்றிக் குடித்துவிட்டு, "அதை விடுங்க. நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க? உறுதியா எத்தனை?" என்றாள்.

பீமராவ் வாயைத் திறந்தார். "அதாவதும்மா, இப்ப இருக்கிற சூழ்நிலையை வெச்சுப் பாத்தா..."

சொல்லும்போதே வீரமலையின் குரல் தன் தொண்டையிலிருந்து வருவது அவர் காதில் விழுந்தது. துண்டு ஒன்றுதான் குறை.

யாழினி சிரிக்கவில்லை. "சார், இருபத்தஞ்சுக்குக் குறைஞ்சா பஸ்ஸை நேரா அரியலூர்ப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்காங்க. அங்க ஒரு ஊர்ல அறுபது பேர் பையோட நிக்கறாங்களாம். எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

திரும்பி வரும் வழியில் பீமராவ் கொள்ளிடப் பாலத்தில் இறங்கி நடந்தார். ஊரில் திருவிழாக் களை கட்டிவிட்டிருந்தது. மைக் செட்காரருக்கு வேலை, பந்தல்காரருக்கு வேலை, ராட்டினக்காரர் இடம் பார்க்க வந்துவிட்டார். தேரிலிருந்து கோழிகளை வெளியேற்றித் தச்சர்கள் ஏறியிருந்தார்கள். இரண்டு வருடம் குழுக் கூட்டம் போட்டு அவர் உண்டாக்காத வேலைவாய்ப்பை ஒரு மஞ்சள் கயிறு இரண்டு நாளில் உண்டாக்கியிருந்தது. இதை ஒரு கட்டுரையாக எழுதலாம், ஆனால் எந்தப் பத்திரிகையும் போடாது. அவருக்கு அது கவலையில்லை. அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்த பார்வைதான் திரும்பத் திரும்ப வந்தது. அவளை ஆசை காட்டிப் பெயர் கொடுக்க வைத்ததும் அவர்தான், வழியை அடைத்ததும் அவர்தான்.

புதன்கிழமை விடிந்தது. கம்பெனி பஸ் மாலை போட்டுக்கொண்டு வந்து கோவில் முன்னால் நின்றது. யாழினி இறங்கினாள். பீமராவ் இரவெல்லாம் உருப்போட்ட மன்னிப்புரையோடு எதிரே போனார். அவருக்கு முன்னால் வீரமலை போய், "வாங்க மேடம், டீ சாப்பிடுங்க. பஸ்ஸு நல்லா இருக்கு. என்ன பண்றது, காப்புக் கட்டின ஊரு" என்று உபசரித்தார். மேலத்தெரு, கீழத்தெரு ஆம்பளைகள் எல்லாம் வேப்பமரத்தடியில் கூடி, ஒரு பஸ் காலியாகப் போகிற காட்சியைப் பார்க்கத் தயாராக நின்றார்கள். பாலு மட்டும் தன் ஜே.சி.பி. படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

அப்போது மேலத்தெருவிலிருந்து தேவதர்ஷினி வந்தாள். கையில் சக்கரம் வைத்த பெட்டி. சிமெண்டு ரோட்டில் அதன் கடகடச் சத்தம் கேட்டு நாய்கள் குரைத்தன. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். கீழத்தெருவிலிருந்தும் வந்தார்கள். பை, பக்கெட், தலையணை, ஒருத்தி கையில் ஊறுகாய்ப் பாட்டில்.

"எங்கம்மா கிளம்பிட்டே?" என்றார் வீரமலை, வெண்ணெய் உருகாமல்.

"ஓசூருக்கு மாமா."

"காப்புக் கட்டியிருக்குல்ல?"

"உங்களுக்குக் கட்டியிருக்கு மாமா. எனக்கு இல்ல. கட்டறப்ப நான் ஊர்லயே இல்லையே."

"இல்லாம எங்க போன?"

தேவதர்ஷினி போனை நீட்டினாள். மலைக்கோட்டை உச்சியில் எடுத்த செல்ஃபி. பின்னால் காவிரி, ஸ்ரீரங்கத்துக் கோபுரம், சூரியன் இறங்குகிற நேரம். முன்னால் அவள். அவள் தோளுக்குப் பின்னால், முகத்தோடு முகம் இடித்துக்கொண்டு, கரைமேட்டூரின் அத்தனை இளம்பெண்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தேதியும் நேரமும் கீழே இருந்தன.

பீமராவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டத்தில் ஓர் இளம்பெண்கூட இல்லை. 'மகளிர் வேலைவாய்ப்பு' என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார், எதிரே இருந்ததெல்லாம் மீசைகளும் பல் போன தாய்மார்களும். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மகளிரைப் பற்றிய கருத்தரங்குகளில் மகளிர் இல்லாமல் இருப்பது அவருக்குப் பழகிப்போன காட்சி. ஊர் ஆம்பளைகளும் கவனிக்கவில்லை. அவர்கள் அன்று முழுக்க எதிர்த்தெருவை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீரமலை போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சிறிதாக்கிப் பார்த்தார். பிறகு தங்கையைத் தேடினார். காளியாயி கோவில் வாசலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"என்னைக் கேட்டா? இவளுக்கு நல்ல காலம் வரணும்னு உச்சிப் பிள்ளையாருக்கு விளக்குப் போட நேந்திருந்தேன். போட்டுட்டு வாடின்னு அனுப்பினேன்."

"அவளை அனுப்பின, சரி. இத்தனை பேரு?"

"பொட்டப்புள்ள தனியாப் போகலாமாண்ணே? துணைக்குப் போனாளுங்க."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். வீரமலை பூசாரியைப் பார்த்தார். பூசாரி வானத்தைப் பார்த்து, "வழக்கப்படி எல்லைக்கு வெளியே இருந்தவங்களுக்குக் கட்டுப்பாடு கிடையாதுங்க" என்றார்.

"அப்ப நானும் ஓசூருக்கு வரேன். வந்து பேசி நாளைக்கே கூட்டிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாங்க. ஆனா ராத்திரி படுக்க ஊருக்கு வந்துடணும்" என்றார் பூசாரி.

"ஓசூர் போயி அன்னைக்கே திரும்ப முடியுமாய்யா?"

"அதானே முடியாதுங்களே" என்றார் கீழத்தெருப் பெரியவர் ஒருவர், மிகுந்த அக்கறையோடு. "நீங்க போங்க வீரமலை. மேலத்தெருதான் காப்பை முறிச்சதுன்னு நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

வீரமலை துண்டை எடுத்தார், உதறினார், திரும்பத் தோளிலேயே போட்டுக்கொண்டார். தங்கையன் பேச வாயைத் திறந்து, மச்சான் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். பாலு ஜே.சி.பி.யிலிருந்து இறங்கி வந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தேவதர்ஷினியின் பெட்டியை எடுத்து பஸ்ஸின் பின்னால் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனான்.

"முப்பத்தொண்ணு" என்றாள் யாழினி, எண்ணி முடித்து. முதல் முறையாக அவள் வாயிலிருந்து உறுதியாக வந்த ஒரு சொல்.

பஸ் கிளம்பியது. பீமராவ் கையில் யாருடைய பக்கெட்டோ மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடி, ஜன்னல் வழியாகக் கொடுத்தார். தேவதர்ஷினி எட்டிப் பார்த்து, "சார், அந்த ஃபேக்டரி எத்தனை வருஷம் இருக்கும்னு தெரிஞ்சா சொல்லுங்க" என்று கத்தினாள். "தெரியாதும்மா! எனக்குத் தெரியாது!" என்று அவரும் கத்தினார். அவள் சிரித்துக்கொண்டே கையாட்டினாள். பஸ் திருப்பத்தில் மறைந்தது. கண்ணாடியில் புழுதி படிந்துவிட்டதாக எண்ணி பீமராவ் அதைக் கழற்றித் துடைத்தார். கழற்றிய பிறகும் மங்கலாகத்தான் தெரிந்தது.

ஆம்பளைகள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். கோவில் வாசலில் காளியாயி வேப்பிலைத் தோரணத்தைக் கட்டி முடித்து, படியில் உட்கார்ந்திருந்தாள். பீமராவ் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"காளியாயி அம்மா, என் பேச்சைக் கேட்டுத்தானே பொண்ணை அனுப்பணும்னு முடிவு பண்ணினீங்க?"

"நல்லாப் பேசினீங்க சார்."

"கேட்டீங்களா?"

"மைக் செட்டு நல்லா இருந்துச்சு."

"அது பதில் இல்லையேம்மா."

"எல்லாம் அம்மா செயலுங்க சார்."

பீமராவ் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மனைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. "மூணு நாளா இந்த ஊர்ல நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். உங்க அண்ணன் நேராப் பதில் சொல்லல. கம்பெனி சொல்லல. உங்க பொண்ணு நேராக் கேட்டா, நானே சொல்லல. நீங்களாவது சொல்லுங்க. திங்கட்கிழமை காலைல என்னைப் பிடிச்சு அந்தச் சத்தம் போட்டீங்களே, குருவிகூட வெளியே தங்காதுன்னு! பொண்ணுங்க எல்லாம் வெளியே இருந்த சாயங்காலமாப் பாத்துக் காப்புக் கட்டினது, அதுவா அமைஞ்சுதா?"

காளியாயி டீக்கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அண்ணன் முதுகு தெரிந்தது. கீழத்தெருக்காரர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் குரலை இறக்கினாள்.

"அமையலீங்க. பூசாரியை அன்னைக்கே கட்டச் சொன்னது நான்தான். ரெண்டு தெருவும் ஒண்ணா நின்னாத்தானே கட்ட முடியும்? உங்க கூட்டம் இல்லேன்னா எந்தக் காலத்துல நிக்கப் போறானுங்க? போன வருஷம் அக்கரைப் பக்கம் ஒரு பொண்ணு திருப்பூர் மில்லுக்குப் போச்சு. மறுநாளே சித்தப்பனும் மாமனும் ஹாஸ்டல் வாசல்ல போயி நின்னு, அழ அழக் கூட்டியாந்துட்டானுங்க. பொண்ணுங்களை வெளியே அனுப்பினா மட்டும் போதுமா சார்? மொத சம்பளம் கைக்கு வர்ற வரைக்கும் ஆம்பளைங்களை உள்ள கட்டிப் போடணும்ல?"